பேரூராட்சியும் பருவநிலையும்: மனுவில் என்ன எழுதுவது?

கேள்வி இதுதான்: "பிரிஸ்டலில் இருக்கும் அக்கா, அவர்கள் ஊர் கவுன்சில் காலநிலை அவசரநிலை என்று அறிவித்து 2030-க்கு ஒரு இலக்கும் வைத்திருப்பதாகச் சொல்கிறாள். நம்ம செட்டிநாட்டுப் பேரூராட்சிகள் அப்படி ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, இதெல்லாம் சென்னை, டெல்லி வேலையா? நாலைந்து பேர் சேர்ந்து கவுன்சிலரிடம் மனு கொடுக்கலாம் என்று இருக்கிறோம். என்ன எழுதுவது?"

நான் முப்பது வருஷத்துக்கு மேல் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தப் பக்கத்துப் பேரூராட்சிகளில்தான் பாதிக் காலம் போயிற்று. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்கா சொல்வது சரி. பிரிஸ்டல் 2018 நவம்பரில் அப்படித் தீர்மானம் போட்டது. அதற்கும் முன்னால் 2016-இல் மெல்போர்ன் பக்கம் டேரபின் என்ற நகராட்சி போட்டது. பிரிட்டனில் அதற்கப்புறம் முந்நூறுக்கும் மேற்பட்ட கவுன்சில்கள் வரிசையாகப் போட்டன. ஆனால் அந்த ஊர்க் கவுன்சில்களின் பிரச்சினை குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் எரிவாயுவும் காரும். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ புதுவயலிலோ அந்தத் தீர்மானத்தை அப்படியே மொழிபெயர்த்து நிறைவேற்றினால், மினிட் புத்தகத்தில் ஒரு பக்கம் நிறையும், அவ்வளவுதான். நம்ம ஊருக்கு வரும் ஆபத்து வேறு: மழை பெய்ய வேண்டிய நாளில் பெய்யாது, பெய்கிற நாளில் மொத்தமாகக் கொட்டும், நடுவில் வெயில். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை ஒரே நாளில் இறக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, நினைவிருக்கும். சிவகங்கை மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய அவ்வளவுதான்.

ஆக, முதலில் கேட்க வேண்டியது: பேரூராட்சி கையில் எது இருக்கிறது? 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதி, பூங்கா, நகர்ப்புறக் காடு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு எல்லாம் அதில் உண்டு. கிராம ஊராட்சிக்கு 73-ஆவது திருத்தம் 29 இனங்களைச் சொல்கிறது, சிறுபாசனமும் மரபுசாரா எரிசக்தியும் அதில் அடக்கம். காகிதத்தில் இருக்கிற அதிகாரம் முழுக்கக் கையில் இருப்பதில்லை என்பது வேறு விஷயம். பாசன ஏரியான கண்மாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது அதனால் பாயும் வயல், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். ஊருக்குள் மழைநீர் சேரும் குளமான ஊருணி உள்ளாட்சியுடையது. ஊருணிக்கு வரும் வாய்க்கால் பாதி தூரம் வருவாய்த்துறைப் புறம்போக்கு, மீதி யார் பட்டாவிலோ ஓடும். தண்ணீருக்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது, ஆனால் ஃபைலுக்குத் தெரியும்.

இப்போது பேரூராட்சியின் கரண்ட் பில்லைப் பார்ப்போம். யாரும் அதைக் காலநிலை ஆவணமாகப் பார்ப்பதில்லை. பார்த்தால், பெரும்பகுதி இரண்டே இடத்தில் போகும்: தண்ணீர் இறைக்கும் மோட்டார், தெருவிளக்கு. தெருவிளக்குக் கணக்கு சுலபம். சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய டியூப்லைட்டை எடுத்துவிட்டு 20 வாட் எல்.இ.டி. போட்டால், ஆயிரம் விளக்குக்கு, இரவுக்கு 11 மணி நேரம் என்று வைத்தால், வருஷத்துக்கு 1,20,000 யூனிட் மிச்சம். நம் மின் கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 84 டன். இது பெரும்பாலான ஊர்களில் ஏற்கனவே நடந்துவிட்டது, நல்லதுதான். பகல் பன்னிரண்டு மணிக்கும் எரிகிற விளக்குகளைப் பற்றி மட்டும் மனுவில் ஒரு வரி எழுதலாம்.

மோட்டார் கணக்குதான் எனக்குப் பிடித்தது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே கொண்டுவர, பம்பும் மோட்டாரும் சேர்ந்து பாதித் திறனில் ஓடுவதாக வைத்தால், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தினம் 6 லட்சம் லிட்டர் ஏற்றும் ஊருக்கு 330 யூனிட் என்று வையுங்கள். அதே தண்ணீர் 60 மீட்டரில் கிடைத்தால் 200 யூனிட் போதும். வருஷத்துக்கு 47,000 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் மூன்றே முக்கால் லட்சம் ரூபாய். கரியமில வாயு 33 டன். நிலத்தடி நீர் 40 மீட்டர் மேலே நிற்பதற்கும் கீழே போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. திருச்சிப் பக்கம் காவிரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்கு ஆகும் மின்சாரம் இதில் சேரவே இல்லை, அது வேறு கணக்கில் எழுதப்படுகிறது.

நிலத்தடி நீரை மேலே நிறுத்துவது எது? ஊருணி. அதனால்தான் மனுவின் முக்கால்வாசி ஊருணியைப் பற்றி இருக்க வேண்டும் என்கிறேன். சோலார் பேனலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். செம்புறாங்கல் பூமி, வற்றாத ஆறு கிடையாது. அதனால் ஊரைக் கட்டியவர்கள் கூரையிலிருந்தே கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஓட்டில் விழும் மழை முற்றத்தில் இறங்கும். முதல் மழை கூரையைக் கழுவிப் போன பிறகு வருவதைக் கிடாரம் என்ற பெரிய பாத்திரத்தில் பிடித்து வைப்பார்கள். மீதி முற்றத்து மடை வழியாக வெளியே போய்த் தெரு வாய்க்காலில் சேரும், தெரு வாய்க்கால் ஊருணியில் முடியும். 5,000 சதுர அடிக் கூரையில் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் மழை விழுந்தால், ஆவியானது சிந்தினது போக மூன்று லட்சம் லிட்டருக்கு மேல். ஒரு தெருவில் இருபது வீடு என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். இந்த ஊர்களில் அதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் முன்பே தெருவே ஒரு சேகரிப்புத் தொட்டி போல வேலை செய்தது.

இதில் என் பங்குக்கு நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பேரூராட்சியில், பேர் வேண்டாம், ஊருணி மேம்பாட்டுக்குப் பணம் வந்தது. கரையைச் சுற்றித் தடுப்புச் சுவர், பேவர் பிளாக் நடைபாதை, கம்பி வேலி, நாலு பெஞ்சு, ஹைமாஸ் விளக்கு. மதிப்பீடு போட்டது நான். திறப்பு விழாவில் எல்லோரும் பாராட்டினார்கள். அந்த ஐப்பசியில் அடைமழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர், ஊருணியில் அடியில் கொஞ்சம் சேறு. நடைபாதைக்காக மண் கொட்டி உயர்த்தியபோது மேற்கே இருந்து தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் வாயை ஒன்பது அங்குலம் தூக்கிவிட்டிருந்தோம். குழாய் பதித்திருந்தோம், அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆச்சி குடையோடு வந்து நின்று, "தம்பி, தண்ணிக்குப் படி ஏறத் தெரியாதுப்பா" என்றார். கூட்டத்தில் வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் நாலு ஆட்களை வைத்து நடைபாதையை உடைத்தோம். அந்த இடத்தில் பேவர் பிளாக் நிறம் இன்றைக்கும் வேறாக இருக்கும்.

அதனால் ஊருணி வேலை என்று எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று விஷயத்தைக் கேளுங்கள். வரத்துக்கால் எங்கே ஆரம்பிக்கிறது, அதன் அடிமட்டம் என்ன, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கு எங்கே. இந்த மூன்றும் மதிப்பீட்டில் இல்லையென்றால் அது அழகுபடுத்தும் வேலை. நடைபயிற்சிக்கு உதவும், தப்பு சொல்லவில்லை. ஆனால் நீர்நிலைப் புனரமைப்பு என்ற தலைப்பில் அதை எழுதக் கூடாது.

தூர்வாருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஊருணி அடியில் காலங்காலமாகப் படிந்த களிமண் ஒரு மெத்தை மாதிரி இருக்கும். குடிதண்ணீர் ஊருணியில் கோடை வரை தண்ணீர் நிற்பதற்கு அதுதான் காரணம். ஜே.சி.பி.யை இறக்கி "இன்னும் ரெண்டு அடி" என்று தோண்டினால் மெத்தை கிழிந்துவிடும், செம்புறாங்கல் வழியாகத் தண்ணீர் பத்து நாளில் இறங்கிவிடும். நிலத்தடிக்குத்தானே போகிறது என்று சொல்லலாம். கிணறு, போர் சுற்றி இருக்கும் ஊருணிக்கு அது சரிதான். ஆடு மாடு, பறவை, கோயில் தீர்த்தம் என்று கோடை வரைக்கும் தண்ணீர் நிற்க வேண்டிய ஊருணிக்கு அது சரிப்படாது. எந்த ஊருணி எதற்கு என்று முதலில் ஊர் முடிவு பண்ண வேண்டும். அந்தக் காலத்தில் குடிக்கும் ஊருணி, குளிக்கும் ஊருணி என்று பிரித்து வைத்திருந்ததும், குடிக்கும் ஊருணிக் கரையில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் இதே கணக்குதான். கண்மாய் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்க இப்போது வட்டாட்சியர் மட்டத்திலேயே அனுமதி கிடைக்கிறது. வண்டல் எடுக்கிற சாக்கில் கீழே இருக்கும் கிராவலைத் தோண்டாமல் பார்த்துக்கொள்ளவும் ஊரில் ஆள் வேண்டும்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் நிச்சயம் கேட்பீர்கள். எடுக்கத்தான் வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே உத்தரவு போட்ட விஷயம். ஆனால் வேரோடு எடுக்காமல் வெட்டி விற்றால் அடுத்த வருஷம் ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். எடுத்த இடத்தில் உடனே வேறு எதையாவது நட வேண்டும். கரையில் பனை, உள்வாயில் மருதம், நாவல், ஊருக்குள் புங்கன், வேம்பு, இலுப்பை. தைல மரம் வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் விவசாயிகள் அதைப் பற்றிச் சொல்லாத புகார் இல்லை. பசுமைத் தமிழகம் இயக்கம் 2022-இல் தொடங்கியபோது, 23.7 சதவீதம் இருக்கும் காட்டையும் மரப்பரப்பையும் 33 சதவீதமாக்குவோம் என்றார்கள். கன்று இலவசமாகவே கிடைக்கிறது. கிடைக்காதது, சித்திரையில் தண்ணீர் ஊற்றும் ஆள். ஆயிரம் கன்று நட்ட போட்டோவை விட, இரண்டு கோடை தாண்டிய ஐம்பது மரத்தின் கணக்கைக் கேளுங்கள். கூண்டுக்கும் தண்ணீர் வண்டிக்கும் பணம் ஒதுக்காத மரம் நடு விழாவுக்கு நான் போவதை நிறுத்தி வருஷமாகிறது.

அடுத்தது குப்பை. ஆளுக்கு 300 கிராம் என்று வைத்தால் 8,000 பேர் ஊருக்குத் தினம் இரண்டரை டன். பாதிக்கு மேல் மக்கும் குப்பை. அது காற்றுப் புகாமல் குவியலின் அடியில் அழுகினால் மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும் வாயு. காற்றுப் பட மக்கினால் அந்த மீத்தேன் பெரும்பாலும் வராது, உரம் வரும். ஆக உரக்கிடங்கு ஒழுங்காக ஓடுகிறதா என்பதுதான் நம்ம ஊர் காலநிலைக் கேள்விகளில் இரண்டாவது. ஓடுகிற கிடங்கைக் கண்டுபிடிப்பது சுலபம்: உள்ளே போனால் ஈர மண் வாசனை வரும், நாற்றம் வராது, தொட்டியில் கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். நாறுகிறது என்றால் தரம் பிரிக்காமல் கொட்டுகிறார்கள் என்று அர்த்தம். அதற்குத் தூய்மைப் பணியாளரைத் திட்டிப் புண்ணியமில்லை. சாம்பார் பையையும் டயப்பரையும் ஒரே கூடையில் போட்டுக் கொடுப்பது நாம்தான்.

நம்ம பக்கத்துக்கென்றே ஒரு குப்பை உண்டு, அது விசேஷக் குப்பை. வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீடு அறுபதாம் கல்யாணத்துக்கு மூன்று நாள் திறக்கும். சென்னையிலிருந்தும் மலேசியா, சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். இலை, காய்கறிக் கழிவு எல்லாம் மாடு தின்னும், மக்கும். தொந்தரவு கைக்கடக்கமான தண்ணீர் பாட்டில்கள்தான். ஒரு விசேஷத்தில் ஆயிரக்கணக்கில் விழும், பாதி குடித்தபடி. தைப்பூசத்துக்குப் பழனி நடைபயணம் போகும்போது வழியெல்லாம் அன்னதானம். அது முடிந்த மறுநாள் சாலையோரத்தைப் பார்த்தால் பேப்பர் கப். பேப்பர் என்று பேர், உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கிற பொருள்களில் அதுவும் ஒன்று. விசேஷ வீட்டுக்காரர்களுக்கு உள்ளாட்சி ஒரு வசதி செய்து கொடுக்கலாம்: நூறு டம்ளர், நாலு தண்ணீர் டிரம், ஒரு தனி வண்டி, அதற்கு ஒரு கட்டணம். முழுக்கச் செலவு பண்ணி விசேஷம் செய்கிறவர்கள் இதற்குக் கட்டணம் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். தாம்பூலத்துக்கு மஞ்சப்பை ஏற்கனவே நம்ம வழக்கம், பனையோலைக் கொட்டானும் நம்ம ஊர்ச் சாமான்தான். இதில் யாருக்கும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

சாலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பழைய தெருவில் எந்தப் பெரிய வீட்டு முகப்புக்கும் போய்ப் படியை எண்ணுங்கள். ஐந்து படி கட்டியிருப்பார்கள், இரண்டுதான் வெளியே தெரியும். மீதி மூன்றும் தார்ச்சாலைக்கு அடியில். ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டதால் வந்த வினை. தெரு உயர்ந்தால் முற்றத்து மடையில் தண்ணீர் வெளியே போகாது, தெருத் தண்ணீர் உள்ளே வரும். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுப் புதுசைப் போட வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த இனம் இருக்கிறதா, போடும்போது செய்கிறார்களா என்று தெருவில் நின்று பார்ப்பது உங்களைப் போன்றவர்கள் வேலை.

வீடுகளுக்கும் இதில் இடமுண்டு. சுண்ணாம்புச் சாந்து, தடித்த சுவர், இரட்டை ஓடு, ஆத்தங்குடிக் கல், நடுவில் முற்றம். மே மாதம் மத்தியானம் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் வெறுந்தரையில் படுத்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். யுனெஸ்கோ உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. அதே நேரம் தேக்குக்காகவும் தூணுக்காகவும் வீடுகள் பிரிக்கப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. பிரித்த இடத்தில் வருவது நாலு பக்கமும் மூடிய கான்கிரீட், உள்ளே இரண்டு ஏ.சி. உலகத்தின் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்டிலிருந்து வருகிறது. பங்காளிகள் பத்துப் பேர் சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய வீட்டில் பேரூராட்சி புகுந்து எதையும் தடுத்துவிட முடியாது. ஆனால் கட்டட அனுமதி தருவது அதுதான். புது வீட்டுக்கு மழைநீர்த் தொட்டி நிஜமாகவே தோண்டியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்தாலே போதும்.

சோலார்? வீட்டுக்குப் போடுகிறவர்களுக்கு 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நாட்டு ஓட்டில் மட்டும் பேனல் ஏற்றாதீர்கள், ஓடு தாங்காது, கீழே இருக்கிற உத்தரத்தையும் கெடுக்கும். பேரூராட்சிக்கு நல்ல இடம் அலுவலக மாடியும் நீரேற்று நிலையமும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை வைத்து, தன் தேவை போக மிச்சத்தை விற்றது. வயநாட்டில் மீனங்காடி ஊராட்சி 2016-இல், வெளியிடும் கரியமில வாயுவை ஈடுகட்டும் கரிமச் சமநிலைத் திட்டம் தொடங்கி, மரத்தை ஈடாக வைத்து விவசாயிகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. சின்ன உள்ளாட்சியால் முடியாது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஊர்ப் பேரையும் சொல்லுங்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953-இலிருந்து இருக்கிறது, அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த நிறுவனம், பேட்டரிதான் அவர்கள் துறைகளில் ஒன்று. குப்பை அள்ளும் பேட்டரி வண்டிகள் இரண்டு வருஷத்தில் மூலையில் நிற்பது ஏன் என்று ஒரு நாள் அவர்களை வரவழைத்துக் கேட்கலாமே என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

பணம் எங்கே என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டே வந்தது, மழைநீர்ச் சேகரிப்பும் அதில் அடக்கம். அடுத்து வருவதிலும் தண்ணீருக்கான பங்கு எவ்வளவு, எந்த ஊருணிக்கு என்று மன்றத்தில் கேட்க வையுங்கள். மாவட்டத்தில் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் ஒன்றும் இருக்கிறது. மனுவின் நகலை அங்கே அனுப்புங்கள், பேரூராட்சியில் ஃபைல் கொஞ்சம் வேகமாக நகரும்.

ஊர் சேர்ந்து முடிவெடுத்தால் நிற்குமா என்று சந்தேகம் இருந்தால், திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிக்குப் போய் வாருங்கள். கண்மாயில் கூடு கட்டும் பறவைகளுக்காக அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் உட்பட.

இனி மனு. காலநிலை மாற்றம் என்ற சொல்லைத் தலைப்பில் ஒரு முறை போடுங்கள், போதும். கீழே மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். முதலாவது, ஒரே ஒரு ஊருணியின் பேரும் சர்வே எண்ணும் எழுதி, அதன் வரத்துக்காலை நில அளவையரை வைத்து அளந்து கல் நட வேண்டும் என்று கேளுங்கள். இரண்டாவது, கடந்த மூன்று வருஷக் கரண்ட் பில்லை மோட்டார் வாரியாக மன்றத்தில் வைக்கச் சொல்லுங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய். மூன்றாவது, உரக்கிடங்கை மாதம் ஒரு நாள் பொதுமக்கள் பார்க்கத் திறந்து வைக்கக் கேளுங்கள். ஆக்கிரமித்தவர் பேரை மனுவில் எழுதாதீர்கள். எழுதினால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையே உள்ள பகையாக மாறிவிடும். சர்வே எண் போதும், அளந்தால் தானே தெரியும்.

மனு கொடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் அளவு வரைபடமான புலப்பட நகலும், சர்வே எண் வாரியாக நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டு நகலும் வாங்கிக்கொண்டு, வரத்துக்காலை ஊருணியிலிருந்து மேலே நோக்கி நடந்து பாருங்கள். புரட்டாசிக்குள் நடந்துவிட வேண்டும், ஐப்பசி பிறந்தால் சேறு. வயசான ஆள் ஒருத்தரைக் கூடக் கூட்டிப் போனால் நகலில் இல்லாத கிளைக்காலையும் காட்டுவார். சாலை குறுக்கிடும் ஒவ்வொரு சிறுபாலத்துக்கும் அடியில் குனிந்து பார்த்து, எந்தப் பக்க அடிமட்டம் உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். டார்ச் எடுத்துப் போங்கள், உள்ளே கையை விடாதீர்கள். பாம்பு இருக்கும்.